கடல் பக்கத்து ஓரம்

றுமைஸாவின் போர்வையில் எந்தத் துண்டு நனைகிறதோ, அந்தத் துண்டுக்குரிய வீட்டை மறுநாள் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்குக்கு முன் கடல் எடுத்துக்கொண்டது. முதலில் கரையில் தங்கராசா வலை வைக்கும் ஓலை வாடி. பிறகு இரண்டு கல்வீடுகள். கல்முனைக்குடியில் கடலில் போய் முடியும் அந்த வீதியில், மாரி தொடங்கி ஐந்து வாரத்துக்குள் இவ்வளவும் நடந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை. நனைந்த துண்டைக் கண்டதும் றுமைஸா ஓடிப்போய்ச் சொல்லிவிடுவாள். ஆட்கள் கட்டிலையும் கேஸ் அடுப்பையும் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள்.

போர்வை, மகள் நுஸ்லாவின் கலியாணக் கட்டிலுக்காகத் தொடங்கியது. வீதி முழுவதற்கும் உடுப்புத் தைப்பவள் றுமைஸா. பெருநாள், தீபாவளி உடுப்புகளில் மிஞ்சிய துணியை வீட்டுக்கு ஒன்றாகச் சதுரம் வெட்டி, மெஷினில் ஓட்டாமல் கையால் இணைத்தாள். எந்தத் துணி யாருடையது என்று மறக்காமலிருக்க, வீடுகள் இருந்த ஒழுங்கிலேயே வைத்தாள். தலைமாட்டில் பள்ளிவாசல், கால்மாட்டில் கடல். அதுதான் அவள் செய்த பிழை.

நனைந்த துண்டுகள் நூல் விட்டு உதிர்ந்துபோக, கால்மாட்டில் இப்போது இருந்தது அவளுடைய வீட்டின் பச்சைத் துண்டு. ஒரு நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு தொட்டுப் பார்த்தாள். ஓரம் ஈரமாக இருந்தது. விரலை நாக்கில் வைத்தாள். உப்பு. அந்த ஊர்களில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வருவதில்லை. கலியாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. நுஸ்லா முன்னறைச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். றுமைஸா அறைக் கதவைச் சாத்தினாள். பச்சைத் துண்டையும், அதற்கு மேலிருந்த பின்வீட்டு றாஹிலாவின் மஞ்சள் துண்டையும் பிரித்து, இடம் மாற்றித் தைத்தாள். அவசரத்தில் தையல் கோணியது.

மறுநாள் அஸருக்கு முன், பின்மதிலுக்கு மேலால் றாஹிலாவின் தலை தெரிந்தது.

"றுமைஸா, இஞ்ச வாகா. என்ட குசினிக்குள்ள, அடுப்படி வர கடல் வந்திரிக்கி."

"கடலா ராத்தா?"

"ஓம். நண்டும் வந்திரிக்கி. சட்டியத் தேடி அதுவே வந்திட்டு. இனி மீன்காரனப் பாக்கத் தேவல்ல."

சொல்லும்போதே றாஹிலாவின் கண் றுமைஸாவின் வளவுக்குப் போனது. கடல் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. வாசல் மணல் காய்ந்து கிடந்தது. சிரிப்பு நின்றது.

"ஒங்கட துண்டக் கடல் பக்கம் வெச்சது நான்தான் ராத்தா," என்றாள் றுமைஸா. "நுஸ்லாட ஊட்டுக்காக."

"எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ள இரிக்கி. அது தெரிஞ்சுதானே வெச்சாய்?"

"ஓம்."

"அப்ப பிரி. நான் பாத்துக்கிட்டு நிக்கன்."

றுமைஸா பிரித்தாள். மஞ்சள் மேலே ஏறியதும் குசினித் தண்ணீர் வடிந்தது. நண்டு மட்டும் தங்கிவிட்டது. பச்சை கால்மாட்டுக்கு வந்ததும் அலை அவளுடைய வாசற்படியில் ஏறியது. நுஸ்லா பெயின்ட் பிரஷோடு வெளியே வந்து, "உம்மா," என்று மட்டும் சொன்னாள். றுமைஸா தன் முக்காட்டை இழுத்து ஒரு கீற்று வெட்டி, பச்சைக்குக் கீழே தைத்தாள். வீட்டுக்கொரு சதுரம் ஏற்கெனவே இருந்ததால், அந்தக் கீற்று எந்த வீடுமில்லை. கடல் அதை எடுத்துக்கொண்டு படியில் நின்றது.

மறுநாளும் ஒரு கீற்று போனது. அதற்கடுத்த நாளும். பத்தாம் நாள் அவளிடம் உடுத்திருந்த உடுப்பைத் தவிர சொந்தமாக வேறு துணி இல்லை. கத்தரிக்கோலைத் தன் சட்டைக் கையில் வைத்தபோது, மதிலுக்கு மேலால் மஞ்சள் சட்டை ஒன்று முழுசாக வந்து விழுந்தது.

"கைய வெட்டிப்போடாத," என்றது றாஹிலாவின் குரல். "உன்ன இன்னும் நான் மன்னிக்கல்ல. தை."

கலியாணம் அந்த வீட்டில்தான் நடந்தது. போர்வை கட்டிலுக்குப் போகவில்லை. மூன்று வருடமாக அது முன்வாசல் கொடியில், கால்மாடு கடலைப் பார்க்கத் தொங்குகிறது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வீதியில் உள்ளவர்கள் வந்து, முறை வைத்து ஓரத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். காய்ந்திருந்தால் தேத்தண்ணிக்குப் போகிறார்கள். ஈரம் ஒரு விரல் ஏறியிருந்தால், கால்மாட்டில் தைக்கத் துணி எடுக்க வீட்டுக்குள் போகிறார்கள்.