நேரில் தெரிவிக்கப்பட்டது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆபீசில் எனக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர் வைத்திருப்பதும் தெரியும், வைத்தது யார் என்பதும் தெரியும். இருபத்தேழு வருடமாக இந்தப் பதிவறை என் பொறுப்பு. எவனாவது ஒரு கோப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'இன்னார் எடுத்தார்' என்று சீட்டு வைக்காமல் போனால், அவன் மேசைக்கே போய் நாலு பேர் முன்னால் நாறடித்துவிடுவேன். "உங்க ரூம்ல எலி நுழையணும்னாக்கூட கையெழுத்துப் போடணும் போலிருக்கே" என்பார் தலைமை எழுத்தர். முறைத்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அந்தப் பெண்மணி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஐம்பது வயதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். தோளில் துணிப்பை, கையில் நனைந்த குடை. குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்தார். தண்ணீர் சொட்டி என் தரை நாசமாகிறதே என்று எனக்கு எரிச்சல்.

"வெளிய வெச்சிட்டு வாங்கம்மா. இது பேப்பர் இருக்கற இடம்."

வைத்துவிட்டு வந்தார். ஜன்னல் மேடையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, பல தடவை சொல்லிப் பழகியது போல ஒரே மூச்சில் சொன்னார்.

"முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளம் வந்துச்சே சார், அதுல அம்மா அப்பா ரெண்டு பேரும் போயிட்டாங்க. எனக்குப் பதினோரு வயசு, தம்பிக்கு நாலரை. பள்ளிக்கூடத்துல தங்க வெச்சிருந்தாங்க. அப்புறம் பொம்பளப் புள்ளைங்க ஒரு ஊரு, ஆம்பளப் புள்ளைங்க ஒரு ஊருன்னு பிரிச்சுட்டாங்க. நான் அவன் கையை விடமாட்டேன்னு பிடிச்சுக்கிட்டேன். மேசை போட்டு எழுதிக்கிட்டிருந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. 'இந்தா பாரு, ரெண்டு பேரையும் ஒரே தாள்ல எழுதியிருக்கேன். இது கவர்மென்ட் பேப்பர், எங்கயும் போகாது. நீ பெரியவளானதும் வந்து கேளு, எங்க இருக்கான்னு சொல்லுவாங்க'ன்னாரு. அதுக்கப்புறம்தான் சார் கையை விட்டேன்."

"முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு வர்றீங்களே?" என்றேன். என் வாய் அப்படி.

"இருபது வயசுல ஒரு தடவை வந்தேன். கட்டடம் மாத்துறோம், கட்டெல்லாம் மூட்டையில இருக்கு, அப்புறம் வான்னாங்க. அப்புறம் கல்யாணமாகி ரொம்ப தூரம் போயிட்டேன். ஆம்பளப் புள்ளைங்க இல்லத்தையும் மூடிட்டாங்க. இங்க ஒண்ணுதான் பாக்கி."

எனக்கு முன்னால் இந்த அறையைப் பார்த்தவர்களைத் திட்டிக்கொண்டே எழுந்தேன். மூட்டையில் கட்டிவைக்கிற ஆளா நான்? ஆண்டும் பொருளும் தெரிந்தால் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். "உக்காருங்கம்மா. இருந்தா இன்னிக்கே குடுத்துடுவேன். ஏன்னா எங்கிட்ட எதுவும் தொலையாது" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அந்த ஆண்டின் பொருளடக்கப் பதிவேட்டில் உடனே கிடைத்தது. 'வெள்ள நிவாரணம் – ஆதரவற்ற சிறார் ஒப்படைப்பு. வகை: நிரந்தரம். ஒன்பதாம் அலமாரி, மூன்றாம் தட்டு.' வகை நிரந்தரம் என்றால் உலகம் இருக்கிற வரைக்கும் வைத்திருக்க வேண்டும். உற்சாகமாக ஏணியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன். மூன்றாம் தட்டில் அந்தக் கட்டு இல்லை. எடுத்ததற்கான சீட்டும் இல்லை.

என் அறையில் கோப்பும் இல்லாமல் சீட்டும் இல்லாமல் ஓர் இடம் காலியாக இருக்காது. இறங்கிவந்து பொருளடக்கத்தை மறுபடி பார்த்தேன். ஓரத்தில், யாரோ ஒரு பழைய எழுத்தர் சிவப்பு மையில் பொடியாக எழுதியிருந்தார்: 'போர்வைக் கட்டோடு சேர்த்துக் கட்டியுள்ளது, அங்கே பார்க்கவும்.'

போர்வை, பாய், கூடாரம் வழங்கிய கணக்கெல்லாம் மூன்றாண்டுக் கட்டு. மூன்று வருடம் கழித்து அழித்துவிடலாம். குழந்தைகள் பட்டியலும் அதே மேசையில் எழுதியதால் அதே கயிற்றில் கட்டிவிட்டார்கள். அட்டையில் போர்வை என்று மட்டும் இருந்திருக்கும். அழிப்புப் பதிவேட்டை எடுத்தேன். எட்டு வருடத்துக்கு முன்னால், நாற்பத்தொன்றாவது வரிசை: 'வெள்ள நிவாரணம், போர்வை வழங்கல், ஆறு கட்டு. கட்டுகளைப் பிரித்துச் சரிபார்த்தேன்.' கீழே கையெழுத்து. என்னுடையது.

நான் எதையும் பிரிக்கவில்லை. அன்றைக்கு வருடக்கணக்கில் அழிக்காமல் தேங்கிக்கிடந்த நானூறு கட்டுகள். காகித ஆலை லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அட்டையைப் படித்தேன், கையெழுத்துப் போட்டேன், தூக்கி ஏற்றினார்கள். அடுத்தவன் சீட்டு வைக்கவில்லை என்று குதித்த நான்தான் அதைச் செய்தேன்.

பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன்.

"கிடைக்கலைம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அழித்தது யார் என்று சொல்லவில்லை.

அவர் துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பிறகு, "வேற யாராச்சும் இதையே கேட்டு வந்தாங்களா சார்? எப்பவாச்சும்?" என்றார்.

"இந்த ரூமுக்கு யாரும்மா வரப்போறாங்க? யாரும் வரலை."

"வந்திருந்தா அவன் பேரு அவனுக்கே சரியாத் தெரிஞ்சிருக்காது. இல்லத்துல வேற பேரு வெச்சிருப்பாங்க. வீட்டுல நான் பூசணின்னுதான் கூப்பிடுவேன். அப்படி உருண்டையா இருப்பான். கோவிச்சுக்கவே மாட்டான்."

அப்போதுதான் தபால் பிரிவுப் பெண் அன்றைய தபால்களோடு உள்ளே வந்தாள். ஏழெட்டு வருடமாகத் தபால் பதிவேடு எழுதுகிறவள். பூசணி என்ற சொல் காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார், இந்தப் பேரை நான் எழுதியிருக்கேன்."

"என்னத்த எழுதின?"

"தபால் பதிவேட்டுல. நீங்ககூட அதுக்கு என்னைத் திட்டுனீங்களே. 'என்னம்மா, கதையா எழுதுற? ஒரு மனுவுக்கு ஒரு வரி போதும்'னு."

சொல்லிவிட்டு ஓடினாள். இரண்டு பதிவேடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, மேசைமேல் போட்டுப் புரட்டினாள். ஆறு வருடத்துக்கு முந்தைய பக்கம். மற்ற வரிகளெல்லாம் குட்டையாக இருக்க, ஒன்று மட்டும் மூன்று வரிக்கு நீண்டிருந்தது.

'சிறு வயதில் வெள்ளத்தில் பெற்றோரை இழந்து இல்லத்தில் சேர்க்கப்பட்டதாகவும், தன்னைப் பூசணி என்று கூப்பிடும் அக்கா ஒருவர் இருந்ததாகவும், அவர் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கக் கோரியும் மனு.'

நான் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அனுப்புநர் என்ற கட்டத்தைப் பார்த்தேன். அங்கே பெயரோ விலாசமோ இல்லை. 'பொதுமகன்' என்று இருந்தது. நேரில் கொண்டுவந்து கொடுக்கிற மனுவுக்கெல்லாம் பெயர் எழுதிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும், பொதுமகன் என்று போடு போதும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கடைசிக் கட்டம், எடுத்த நடவடிக்கை: 'கோப்பு இல்லை. நேரில் தெரிவிக்கப்பட்டது.' பக்கத்தில் என் சுருக்கொப்பம்.

தேடிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். 'நேரில் தெரிவிக்கப்பட்டது' என்பது நான் கண்டுபிடித்த வித்தை. ஆளிடம் வாயால் சொல்லி அனுப்பிவிட்டால் பதில் கடிதம் வேண்டாம், தபால்தலை வேண்டாம், அனுப்புகைப் பதிவேட்டில் விலாசம் எழுத வேண்டாம். ஒரே நாளில் மனு முடிந்தது. நிலுவையே இல்லாத பிரிவு என்று பாராட்டுக் கடிதம்கூட வாங்கியிருக்கிறேன்.

"அந்த மனு எங்க சார்? அதுல விலாசம் இருக்குமே" என்றாள் தபால் பிரிவுப் பெண்.

அவளுக்குத் தெரியாதா என்ன? முடிந்த மனு மூன்றாண்டுக் கட்டு. போன வருட லாரியில் போய்விட்டது. கேட்ட வேகத்தில் அவளுக்கே அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண்மணி பதிவேட்டின்மேல் விரலை வைத்து, எழுத்துக்கூட்டுவது போல அந்த மூன்று வரிகளைப் படித்தார். "வந்திருக்கான்" என்றார். "என்னைத் தேடி வந்திருக்கான்." சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே முகம் கோணி அழுகையாகிவிட்டது. நான் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தேன். அவர் தொடவில்லை.

"நீங்கதானே அவன்கிட்ட பேசுனது? எப்படி இருந்தான் சார்? ஒல்லியா இருந்தானா?"

யோசித்தேன். உண்மையாகவே மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே ஜன்னலில், இதே இடத்தில் ஒருவன் நின்றிருக்கிறான். ஒரு மூக்கு, ஒரு சட்டை, ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

"ஞாபகம் இல்லைம்மா."

"எனக்கு இருக்கு" என்றாள் தபால் பிரிவுப் பெண். "நல்ல குண்டா இருந்தாரு, அக்கா. கூட ஒரு பொண்ணு, ஆறு ஏழு வயசு இருக்கும். அத்தை வீடு எங்கப்பான்னு அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சார் கோப்பு இல்லைன்னு சொன்னதும் அவரு சரிங்கன்னு தலையாட்டிட்டு, 'பேப்பர்ல இருக்கும்னு சொன்னாங்களே'ன்னு மட்டும் கேட்டாரு. அப்புறம் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

அந்தப் பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. மழை விட்டிருந்தது. வராந்தாவில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வீட்டிலேயே எழுதிக்கொண்டுவந்த மனு. கீழே விலாசம், போன் நம்பர், பக்கத்து வீட்டுக்காரரின் போன் நம்பர்கூட இருந்தது.

"இதை எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு வருஷம்மா" என்றேன்.

"மூணு வருஷத்துக்குள்ள வருவானா? இல்லைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லி அனுப்புன எடத்துக்கு யாரு சார் திரும்பி வருவாங்க?"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்விக்குக் கோபப்பட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அழிப்புப் பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்துவந்து, நாற்பத்தொன்றாவது வரிசையைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். போர்வைக் கட்டு, சிவப்பு மைக் குறிப்பு, லாரி எல்லாவற்றையும் சொன்னேன். தபால் பிரிவுப் பெண்ணும் கேட்டுக்கொண்டு நின்றாள். நாளைக்கு ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும், தெரியட்டும் என்றிருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மனுவை என் பக்கம் தள்ளினார்.

"வாங்கிக்கங்க. ஆனா எனக்கு நேர்ல சொன்னது போதும் சார். இப்ப சொன்னதையெல்லாம் எழுதிக் குடுங்க."

அனுப்புநர் கட்டத்தில் அவர் பெயரையும் விலாசத்தையும் முழுதாக எழுதும்படி தபால் பிரிவுப் பெண்ணிடம் சொன்னேன். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, எந்தக் கோப்பு, எந்த நாளில், எப்படி அழிந்தது, எந்த நாளில் அவருடைய தம்பி வந்தார், என்ன சொல்லித் திருப்பி அனுப்பினேன் என்று வரிவரியாக எழுதினேன். கீழே பழக்கதோஷத்தில் சுருக்கொப்பத்தைப் போட்டுவிட்டு நீட்டினேன்.

அவர் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் தாளைத் திருப்பி என்னிடமே கொடுத்தார்.

"இந்தக் கிறுக்கல் யாருதுன்னு நாளைக்கு யாருக்குத் தெரியும்? பேரை எழுதுங்க சார்."

முழுப் பெயரையும் எழுதினேன்.