மூன்றாம் இலக்கம்

சமாதானம் முறிந்த வருஷத்தில் கிழக்கிலங்கைத் துறைமுக நகரின் ஓர்ஸ் ஹில்லில் இருந்த தங்கரத்தினத்தின் கப்பல் முகவர் அலுவலகத்துக்குப் புதிய தொலைபேசிப் பெட்டி வந்தது. அழைப்பவர் அறிவிப்பைக் கேட்டு ஓர் இலக்கத்தை அமத்தினால் உரிய மேசையில் மணி அடிக்கும். எவரும் எடுக்காவிட்டால் செய்தி சொல்லி வைக்கலாம். கலியாணமாகாத குமர்ப்பிள்ளையின் குரலை ஊர் கேட்பது சரியில்லை என்று, அங்கே வேலை செய்த மகள் பூரணியை விட்டுவிட்டு, அறிவிப்பைத் தங்கரத்தினமே பேசிப் பதிந்தார்.

"ஒண்டு துறைமுக வேலை, ரெண்டு கணக்கு. மூண்டு பூரணிக்குத்தானே ஐயா?" என்றான் பெட்டியைப் பொருத்த வந்த ஸுஹைர்.

"அப்பிடியே சொல்லட்டும். மணி மட்டும் என்ர மேசையில அடிக்கட்டும். அவளுக்குத் தெரியத் தேவையில்லை."

"மகளுக்கு வாற கதையெல்லாம் வாப்பாட காதுக்கோ!" என்று ஸுஹைர் சிரித்தான். தங்கரத்தினம் சிரிக்கவில்லை. பேணாட் என்ற கிறிஸ்தவ வேதக்காரப் பெடியனோடு அவள் கதைக்கிறாள் என்று கோயிலடியில் அவர் காதுபடவே பேசியிருந்தார்கள்.

அடுத்த கிழமை ஒரு காலை மூன்றாம் இலக்கத்தில் மணி அடித்தது. செய்தி பதியட்டும் என்று விட்டுவிட்டார். மத்தியானம் சாப்பிட்டு, கைகழுவி வந்து ஆறுதலாகக் கேட்டார்.

"பூரணி, பேணாட், காவலுக்கு நிக்கிற ஒருத்தன்ர போனில கதைக்கிறன். ஆமி சுற்றிவளைப்பில பிடிச்சு மைதானத்தில வைச்சிருக்கிறாங்கள். அடையாள அட்டை வீட்டில. தெரிஞ்ச பெரியாக்கள் வந்து சொன்னா விடுவினமாம். இல்லாட்டிப் பின்னேரம் கொழும்புக்கு ஏத்துவினம். உங்கட அப்பாவிட்டைக் கேக்க வேண்டாம், அது அவருக்கு மரியாதைக்குறைவு."

அழிக்கும் பொத்தானின் மேல் அவருடைய விரல் நின்றது. பிறகு மகளைக் கூப்பிட்டு ரிசீவரை நீட்டினார்.

கேட்டு முடித்த பூரணி நிமிர்ந்தாள். "எனக்கு வந்தது உங்களிட்டை எப்பிடி அப்பா?"

"நான்தான் வைப்பிச்சனான்."

அவள் கைப்பையை எடுத்தாள்.

"நீ போகேலாது பிள்ளை. ஊர் என்ன சொல்லும்?"

"அப்ப ஆர் போறது?"

அவர் சால்வையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். மைதானத்தில் பஸ்கள் நின்றன. அதிகாரி, "இவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டபோது, வாசலில் காத்துநின்ற சனம் முழுக்க அவரைப் பார்த்தது.

"எங்கட வீட்டு ஆள்."

வெளியே வந்த பேணாட்டின் உதடு வெடித்து, சட்டையில் இரத்தம் காய்ந்திருந்தது.

"இது பிடிக்கேக்க அடிச்சதோ தம்பி?"

"இல்லை ஐயா. காலையில ஒண்டும் செய்யேல்லை. மத்தியானம், ஒருத்தரும் வரேல்லை எண்டு தெரிஞ்சாப் பிறகுதான்."

தங்கரத்தினம் சால்வையை எடுத்து அவனிடம் நீட்டினார்.