மழுக்கிய முனை

கதிரவன் எழுதிய புரோகிராம் முடிவுக்கு வர மறுத்தது. அழுத்தும் இயந்திரம் இறங்கும்போது பட்டாசு மருந்து குழாயின் சுவரில் எங்கே ஒட்டும், எங்கே வழுக்கும், எவ்வளவு சூடேறும் என்று அது சொல்ல வேண்டும். ஒட்டுவது வழுக்கலாக மாறும் இடத்தில் உராய்வைக் காட்டும் கோடு கூராக முறிந்தது. அந்த முனையில் கணக்கின் ஒவ்வொரு சுற்றிலும் விடை அங்குமிங்கும் துள்ளியது.

முனையைக் கொஞ்சம் மழுக்கினான். போதவில்லை. இன்னும் மழுக்கினான். விடை நின்றது. மருந்து எங்கேயும் ஒட்டாமல் இறங்கியது. சூடு குறைவு.

அவ்வளவு மழுக்கினால் கணக்கில் உராய்வே குறைந்துபோகும்; நிஜத்தில் குறையாது. கல்லூரியில் அவன் நடத்தும் பாடமே அதுதான். பட்டாசுக் கம்பெனி முதலாளி காலையிலிருந்து போன் செய்துகொண்டிருந்தார். இயந்திரத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கலாம் என்று கையெழுத்திட்டு அனுப்பினான்.

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே இருந்த அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது முறையைக் கொண்டுவருகிறவரே முதல் குழாயை அழுத்த வேண்டும். அவனுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

“செருப்பைக் களத்திட்டு உள்ள வாங்க சார்,” என்றார் முதலாளி முத்துக்கருப்பன். “ஒங்க கணக்கு. ஒங்க கை.”

வேலைக்காரப் பெண்கள் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார்கள்.

“எனக்குப் பழக்கமில்லைங்க.”

“கைப்பிடிய இழுக்கதுக்கு என்ன பழக்கம்?”

“வேகத்தக் கொஞ்சம் கொறச்சுட்டு…”

“ஏன்? நீங்க எழுதுன வேகந்தான வச்சிருக்கு.”

கதிரவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான். முத்துக்கருப்பன் அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அது கதிரவனுக்கும் தெரிந்தது.

“ஏ மூக்கம்மா, நீ வா. சாருக்குக் கால் நடுங்குது.”

பெண்கள் சிரித்தார்கள். மூக்கம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

“தீவாளிக்கு ஊசி வெடியாச்சும் போடுவீகளா சார்?” என்றாள். அருகில் வந்ததும் குரல் தாழ்ந்தது. “கணக்கு சரியாத்தான இருக்கு?”

சரியில்லை என்றால் அதை இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். முத்துக்கருப்பன் காத்திருந்தார்.

“சரியா இருக்கும்மா.”

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். கதிரவன் மரத்தடிவரை நடந்தான். அதற்கு அப்பாலும் நடந்தான்.

இயந்திரம் இறங்கும் சத்தம் கேட்டது. ஏறியது. மறுபடி இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை.

மற்ற பெண்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

“பாத்தீகளா?” முத்துக்கருப்பன் உரக்கக் கூப்பிட்டார். “இன்னுங் கூட்டலாம்போல. அங்கன நின்னுக்கிட்டே ஒரு கணக்குப் போட்டுருங்க.”

கதிரவன் திரும்பினான்.

“எவ்வளவு வேணும்?” என்று கேட்டான்.