ஏழு வருஷத்து எண்ணெய்

வடிகட்டிய நல்லெண்ணெயைத் தகர டின்னில் ஊற்றிவிட்டு, வலித்த தோளைத் தேய்த்துக்கொண்டாள் தெய்வாத்தாள். அவள் புருஷன் பாலுசாமி டின்னின் மூடியை அழுத்தி மூடினார். அது சந்தைக்குப் போகிற எண்ணெய் அல்ல. ரோடு ஓவர்சியருக்கு.

பொள்ளாச்சிக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரில் ஒன்பது வீடு, ஒன்பது செக்கு. எள்ளு உள்ளே வரவும் எண்ணெய் வெளியே போகவும் ஒரே வண்டித்தடம்தான். அதன் குறுக்கே ஓடைப் பள்ளம் ஒன்று ஓடியது. மழைக்காலத்தில் அதில் வெள்ளம் வந்தால் ஊரே அடைபட்டுப் போகும். அங்கே ஒரு பாலம் கட்டச் சொல்லித்தான் வருஷா வருஷம் ஊர் சார்பில் ஓவர்சியருக்கு இந்த டின்.

"ஏழு வருஷமாச்சுங்க. ஒரு கல்லாவது வந்து எறங்குச்சுங்களா?" என்றாள் தெய்வாத்தாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. போன ஐப்பசியில் பள்ளத்தைத் தாண்டும்போது வண்டி கவிழ்ந்து, அவர்களுடைய ஒரே மாடு தண்ணீருக்குள்ளேயே செத்துப்போனது. அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும்தான் செக்கு இழுக்கிறார்கள்.

"புது ஓவர்சியர் வந்திருக்காராமா. இவராச்சும் செஞ்சுபோடுவாரு" என்று சொல்லிவிட்டு, பாலுசாமி டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஆபீசில் புது ஓவர்சியர் சீனிவாசலு டின்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்ன இது?"

"நம்மூட்டு எண்ணெய்ங்க. பள்ளத்துப் பாலத்துக்குங்க."

"எந்தப் பாலம்?"

சீனிவாசலு பழைய காகிதக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தேடினார். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"உங்க ஊர்லேருந்து ஒரு மனுகூட வரலியே!"

"மனுங்களா? எண்ணெய் குடுத்தமுங்க. பழைய அய்யா தானே எழுதிக்கறேன்னு சொன்னாருங்க."

"அவர் எதுக்கு எழுதுவார்? பாலம் வந்துட்டா அடுத்த வருஷம் எண்ணெய் வருமா?"

சீனிவாசலு டின்னைப் பாலுசாமி பக்கம் தள்ளினார்.

"இதை எடுத்துட்டுப் போங்க. மனு எழுதி, ஊரே கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. ஆனா இந்த வருஷ வேலையெல்லாம் போன மாசமே முடிவாயிடுச்சு. இனி அடுத்த வருஷந்தான்" என்றார் சீனிவாசலு.

திரும்பி வந்த பாலுசாமி டின்னை வாசலில் தடாலென்று இறக்கினார். கூடியவர்களிடம் நடந்ததைச் சொன்னார். பக்கத்துச் செக்குக்கார வேங்கடசாமி தலையைச் சொறிந்தார்.

"ஒரு டின்னுன்னு கோவிச்சுட்டாரோ என்னமோ. ரெண்டாக் குடுத்துப் பாக்கலாமுங்க."

பாலுசாமிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"இன்னுமா குடுக்கோணும்? நாம குடுத்த எண்ணெய்தானுங்ணா அந்தப் பாலத்த வரவுடாம நிறுத்திவெச்சது! வாங்குனவர வையறோம், செரி. நமக்குப் பாத்தியப்பட்டத நிமுந்து நின்னு கேக்காம, குறுக்கு வழில குடுத்து வாங்கப் பாத்தமே, நாம மட்டும் யோக்கியமா? இந்த மழைக்கும் நாம வெள்ளத்துலதான் எறங்கோணும். எங்க மாடும் திரும்பி வரப்போறதில்ல. லஞ்சங் குடுக்கற கை நிக்காம, வாங்கற கை நிக்காதுங்ணா!"