யோனா பேசிய வசனம்

லண்டன் மனோர் பார்க்கில் லேவி சிரம்போவை அவர் வீட்டில் பராமரிக்கும் மேரிசாந்திக்கு, அவர் பெரிய நாடக ஆசிரியர் என்பது சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்துத்தான் தெரியும். வெள்ளைக்காரன் போன பிறகு நாற்காலியில் ஏறிய சொந்த நாட்டுத் தலைவனையே நையாண்டி செய்து நாடகம் எழுதிய ஆப்பிரிக்கர். அதனால் ஊர் திரும்ப முடியாமல் லண்டனிலேயே நாற்பத்தெட்டு வருடம் போய்விட்டது. இப்போது எண்பது வயது, நடக்க முடியாது.

அந்த நாடகத்தை இங்கே மறுபடி மேடையேற்றினார்கள். சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு மேரிசாந்திதான் அவரைத் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனாள். முடிந்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. கேள்வி நேரத்தில் ஓர் இளம்பெண், "இவ்வளவு துணிச்சல் உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டாள்.

சிரம்போ மைக்கை வாங்கினார்.

"எனக்கு ஏது துணிச்சல்? முதல் காட்சிக்கு முன்பே உதவித்தொகை கிடைத்து நான் லண்டனுக்கு வந்துவிட்டேன். மேடையில் நின்று தலைவனைக் கிண்டலடிக்கும் அந்த வசனத்தைப் பேசியவன் என் நண்பன் யோனா. மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டு போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை."

நிகழ்ச்சியை நடத்தியவர் அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினார்.

வீட்டுக்கு வந்ததும் சிரம்போ தன் டயரியில் ஓர் எண்ணைக் காட்டினார். யோனாவின் மனைவி எலினாவின் எண். பத்து வருடத்துக்கு முன் ஊர்க்காரர் ஒருவரிடம் அவள் கொடுத்தனுப்பியது. ஒருநாளும் அவர் அழைத்ததில்லை.

"இப்ப எடுப்பமோ, ஐயா?"

தலையசைத்தார். அவளே எண்ணை அழுத்திக் கொடுத்தாள். அவர் தன் மொழியில் பேசியது அவளுக்கு விளங்கவில்லை. தன் பெயரைச் சொன்னது மட்டும் கேட்டது. சிறிது நேரத்தில் போனை மடியில் போட்டுவிட்டார்.

"என்னவாம், ஐயா?"

"எலினா போன வருடம் செத்துவிட்டாளாம். மகள்தான் எடுத்தாள். 'நீங்கள் ஒருநாள் கூப்பிடுவீர்கள் என்றுதான் அம்மா இந்த எண்ணை மாற்றாமல் வைத்திருந்தா' என்றாள். பிறகு வைத்துவிட்டாள்."

மேரிசாந்தியின் ஷிப்ட் எப்போதோ முடிந்திருந்தது. குசினிக்குள் போய்ப் புருஷன் றொனால்டுக்கு போன் எடுத்தாள்.

"இண்டைக்கு வரப் பிந்தும். இந்த மனிசனைத் தனிய விட்டிட்டு வர ஏலாது."

"சுகமில்லையோ?"

"சுகத்துக்கு ஒண்டுமில்லை. பிறகு சொல்லுறன்."

திரும்பி வந்து முழங்காலிட்டு, அவருடைய சப்பாத்து நூலை அவிழ்க்கத் தொடங்கினாள். அவர் முகத்தை மூடவில்லை, வழிந்த கண்ணீரைத் துடைக்கவுமில்லை. அவள் அவரை அழ விட்டாள்.