ஏட்டையாவின் உழைப்பு

ராக்கனுக்குப் போலீசில் முதல் அறையை வாங்கிக் கொடுத்த பெருமை அவனுடைய வக்கீல் ஆத்மநாதனையே சேரும்.

கறம்பக்குடிப் பண்ணை ஒன்றின் காவல்காரனை யாரோ கிணற்றடியில் வெட்டிப் போட்டுவிட்டார்கள். முந்தின நாள் வரப்பில் அவனோடு மல்லுக்கு நின்றவன் சேரிக்காரன் ராக்கன். போலீசுக்கு அது போதும். அவன் முந்திரிக்காட்டில் பதுங்க, மனைவி கண்ணாத்தாள் புதுக்கோட்டைக்கு நடந்தே வந்து வக்கீல் வாசலில் நின்றாள்.

“ஒளிஞ்சாத்தாம்மா சந்தேகம். நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். நான் நிக்கிறப்ப எவன் தொடுவான்?” என்றார் ஆத்மநாதன். சமஸ்தானத்துச் சட்டம் மொத்தமும் தன் கோட்டுப் பைக்குள் இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

ஸ்டேஷனில் அவர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். முதல் வாக்கியத்தின் பாதியில் ஏட்டு குழந்தைசாமியின் கை ராக்கனின் இடது காதோடு சேர்த்து இறங்கியது. ராக்கன் சுவரில் மோதிச் சரிந்தான். வக்கீல் வாக்கியத்தை முடித்தார்; இலக்கணம் சுத்தமாக இருந்தது. பிறகு இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து, மிகுந்த மரியாதையோடு தெருவில் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளேயிருந்து கிளம்பிய அலறல் கடைத்தெரு திரும்பும்வரை அவர் கூடவே வந்தது.

அடுத்து அவர் ராக்கனைப் பார்த்தது ஜெயிலில். அதற்குள் அவன் மாஜிஸ்திரேட் முன்னால் ‘நான்தான் வெட்டினேன்’ என்று வாக்குமூலம் கொடுத்திருந்தான். போலீசிடம் சொன்னதென்றால் கோர்ட்டில் செல்லாது. மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது செல்லும்; அடித்து வாங்கியதென்று ருசுவானால் மட்டும் செல்லாது. அரிவாளும் கிடைக்கவில்லை, பார்த்த சாட்சியும் இல்லை. அந்த ஒரு வாக்குமூலம் நின்றால் ராக்கனுக்குத் தூக்கு, விழுந்தால் விடுதலை.

“என்னப்பா செஞ்சாங்க?”

ராக்கன் வலது காதைத் திருப்பினான். இடது காது செத்துப்போயிருந்தது.

“கையப் பின்னால கட்டி உத்தரத்துல தூக்குனாக சாமி. தோள் ரெண்டும் கழண்டுபோச்சு. எறக்கிவிட்டு, சொல்றியாடான்னாக. நான் வெட்டலேன்னேன். மறுபடி தூக்குனாக. புளிய விளாரு அடிச்சு ஒடிய ஒடிய ஏட்டையா வேற எடுத்தாரு. கடைசியில அவுக சொன்னதையே நானும் சொல்லிட்டேன். மாஸ்திரேட்டுகிட்ட மாத்திச் சொன்னா திரும்பி டேசனுக்குத்தான் வரணும்னாரு.”

முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. உரித்தால் தோலும் சேர்ந்து வரும் என்றான். வெளியே கண்ணாத்தாள் காத்திருந்தாள்.

“நீங்க நின்னா தொடமாட்டாங்கன்னீகளே சாமி?”

இங்கிலீஷிலும் தமிழிலுமாக அத்தனை வருஷம் பேசிப் பிழைத்த மனிதர், கோட்டுப் பையைத் துழாவிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார்.

பிறகு அவர், ராக்கனை அடித்தார்களா என்பதற்கு நேர்ப் பதில் ஒன்றைத் தேடி அலைந்தார். ஜெயில் டாக்டர், “முதுகில் இருப்பது சிரங்காகவும் இருக்கலாம்” என்றார். ஒரு கான்ஸ்டபிளைக் கேட்டால், “அன்னிக்கு எனக்குக் காய்ச்சலுங்க.” சீனியர் வக்கீல்களோ, “ஏட்டைக் கூண்டில் ஏற்றி அடித்தாயா என்று கேட்டுவிடாதே. இல்லை என்பான். அது ரெக்கார்டில் ஏறிவிடும். இந்த ஊரில் யாரும் அதைக் கேட்பதில்லை” என்று வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கண்ணாத்தாள் கண்ணில் படாமலிருக்க வக்கீல் சங்க லைப்ரரிக்குள் புகுந்தவர், மதராசிலிருந்து வந்த ஒரு சட்டப் பத்திரிகையைப் பிரித்தார். போன வருஷம் அமெரிக்கப் பெரிய கோர்ட்டு சொன்ன தீர்ப்பு ஒன்று அதில் இருந்தது. மிசிசிப்பி ராஜ்யத்தில் வெள்ளைக்காரப் பண்ணையார் ஒருவர் கொலையாகிவிட்டார். குற்றம் மூன்று கறுப்புக் குடியானவர்கள் மேல். ஒருவனை மரத்தில் தொங்கவிட்டு இறக்கி, திரும்பத் தொங்கவிட்டார்கள். மற்றவர்களை நாற்காலியில் கவிழ்த்து, பக்கிள் வைத்த வாரால் முதுகைக் கிழித்தார்கள். கேட்டபடி சொன்னார்கள், கீழ்க்கோர்ட்டு தூக்கு விதித்தது. வாஷிங்டன் நீதிபதிகள் எல்லோரும் ஒரே குரலில், அடித்துப் பிடுங்கிய வாக்குமூலத்தால் தண்டிப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

ஆத்மநாதனின் கண் வேறொரு இடத்தில் நின்றது. அடித்த அதிகாரியே கூண்டில் ஏறி, ஆமாம், அடித்தேன் என்று ஒப்புக்கொண்டிருந்தான். ஏனென்றால் யாரோ அவனைக் கேட்டிருக்கிறார்கள்.

விசாரணை நாளில் இன்ஸ்பெக்டர் பன்னீர் மணக்கக் கூண்டில் ஏறினார். “கைதிக்குப் பாவ புண்ணியத்தை எடுத்துச் சொன்னேன். மனம் உருகி அழுதுவிட்டான்” என்றார். ஜட்ஜ், “நல்ல முறை” என்று எழுதிக்கொண்டார். தசராவுக்கு இன்ஸ்பெக்டருக்கு மெடல் என்று ஊரில் பேச்சு.

ஆத்மநாதன் எழுந்து மிசிசிப்பியை எடுத்தார்.

“அது எந்தத் தாலுகாவில் இருக்கிறது?” என்றார் ஜட்ஜ். கோர்ட்டே சிரித்தது. “அந்தத் தீர்ப்பு நம் சமஸ்தானத்தைக் கட்டுப்படுத்தாது. மேலே நடத்தும்.”

வாசலோரம் நின்ற ஏட்டு குழந்தைசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு இன்னும் வீக்கம் வற்றாமல், பற்றுப் போட்டிருந்தது. ஆத்மநாதன் அந்தப் பார்வையைக் கவனித்தார். ஏட்டின் முறை வந்ததும் பத்திரிகையை மூடிவைத்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

“ஏட்டையா, இன்ஸ்பெக்டர் பேசின பேச்சுலதான் இவன் மனசு மாறுனானா?”

“அப்படித்தாங்க சொல்றாரு.”

“அப்ப நீங்க பக்கத்துல விசிறிக்கிட்டு நின்னீங்க.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். ஏட்டின் மீசை துடித்தது.

“நான் எதுக்குங்க விசிறணும்?”

“மெடல் அவருக்குத்தானே? வேலை செஞ்சவருக்குத்தானே குடுப்பாங்க?”

“வக்கீல் ஐயா, வேணாம்.”

சீனியர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ராக்கன் வலது காதைத் திருப்பினான். விபரீதம் ஆத்மநாதனுக்கும் தெரிந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை வந்தால், இந்த மனிதனைத் தான் இரண்டாம் தடவையாகக் கொண்டுபோய் ஒப்படைத்ததாக ஆகிவிடும். ஆனாலும் கேட்டார்.

“இவனை அடிச்சது யாரு ஏட்டையா?”

குழந்தைசாமி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அவரு எங்கங்க இருந்தாரு? கிளப்புல சீட்டாடிக்கிட்டு இருந்தாரு. நான்தாங்க அடிச்சேன். உத்தரத்துல கட்டித் தூக்குனதும் நான்தான். இந்தா பாருங்க, கை இன்னும் எப்படி வீங்கிக் கெடக்குதுன்னு. அடிக்காம எவன் சொல்லுவான்?”