ரைட்டரைச் சுற்றி ஆறடி

நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்துத் தைத்துக்கொண்டு மெட்ராஸிலிருந்து திரும்பிய நாள் முதல், ரைட்டர் சின்னையன் தன் இதயத்தை அரசாங்கச் சொத்தாகவே நடத்தினார். நாகலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டைக் காலியாக வைக்கச் சொன்னார். முப்பது வருஷம் மலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, காபிக் கன்றுக்கு இடைவெளி அளந்து நோட்டில் எழுதியவர்; இங்கிலீஷ் தெரிந்தவர். ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் புத்தகத்தை யார் உதவியும் இல்லாமல் தாமே படித்தார். வினை அங்கேதான்.

மின்சாதனங்களை நெஞ்சிலிருந்து 6" தள்ளி வைக்கச் சொன்னது புத்தகம். எண்ணின் தலையில் ஒரு கோடு இருந்தால் அடி. இரண்டு இருந்தால் அங்குலம். ரைட்டர் நோட்டில் ஆறு என்றால் ஆறடிதான், காபிக் கன்று அப்படித்தான் நடுவார்கள். கூடுதல் கோடு அச்சடித்தவனின் கைநடுக்கம் என்று முடிவு செய்தார்.

முதல் பலி மிக்ஸி. அவர் மனைவி ராசம்மாளுக்குப் போன மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. அதற்காகவே மகள் சேலத்திலிருந்து வாங்கி அனுப்பிய மிக்ஸி அது.

"ஏனுங்க, நீங்க வெளிய போறப்ப அரைச்சுக்கறனுங்க."

"கரண்டு ஊட்டுக்குள்ளயே சுத்திக்கிட்டு நிக்கும் புள்ள. உனக்குத் தெரியாது, அதெல்லாம் சயின்ஸு."

மிக்ஸி சாக்கில் கட்டப்பட்டுப் பரணேறியது. ராசம்மாள் அம்மியில் இரண்டு இழுப்புக்கு ஒருமுறை கையை உதறிக்கொண்டு அரைத்தாள். "சட்னி திப்பிதிப்பியா இருக்குது" என்றார் ரைட்டர். இதயம் நலமாக இருந்ததன் அறிகுறி.

பக்கத்து வீட்டு ஜமீலா கேட்டாள்: "அக்கா, அண்ணன் நெஞ்சுல வச்சது மிசினா, மாமியாளா?"

தடை ரேடியோவுக்கு இல்லை. செல் போட்டு ஓடுவதில் கரண்டு ஏது? பெரிய ஸ்பீக்கர் வைத்த அந்தப் பெட்டியை நெஞ்சின்மேல் சாய்த்து, ஈஸிசேரில் படுத்துச் செய்தி கேட்பார். கேட்கும்போதெல்லாம் படபடவென்று வரும். தேசத்தின் நிலைமையை நினைத்து வருவதாக நம்பினார்.

ஒரு காலையில் அப்படிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தவருக்கு வேர்த்துக் கண் செருகியது. ராசம்மாள் ஓடிவந்து ரேடியோவை எடுத்து ஓரம் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்தார்.

"பரண்ல கெடக்கற மிக்ஸியோட வேலை! இன்னிக்கே வித்துப்போடு."

"விக்கலாமுங்க. மொதல்ல டாக்டரக் கேட்டுப்போட்டு விக்கலாம்" என்று புத்தகத்தைப் பையில் வைத்து, அவரையும் பஸ் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் சோதித்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். "ஆறடி இல்லைங்க, ஆறு அங்குலம். மிக்ஸி தாராளமா ஓடட்டும், நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அரைக்காதீங்க, அவ்வளவுதான். ரேடியோவத்தான் நெஞ்சுல வைக்கக் கூடாது. ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்குது. அது இந்த மிசினக் குழப்பிடும்."

திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் ரைட்டர் அச்சகத்தைத் திட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் ராசம்மாள் ஸ்டூல் போட்டு ஏறி, மிக்ஸியை இறக்கித் துடைத்தாள். தேங்காயும் மிளகாயும் போட்டு மூடினாள்.

"புள்ள, நான் இங்கதான் உக்காந்திருக்கறன்."

"நொம்ப நல்லதுங்க. அங்கயே இருங்க."

சுவிட்சைத் திருப்பினாள். ரைட்டர் கையை நீட்டி ஏதோ விளக்க ஆரம்பித்தார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ராசம்மாள் மூன்றாம் வேகத்துக்குத் திருப்பினாள்.